நான் ஏன் ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை

சாமு,

உன் கல்யாணப் பத்திரிகைகள், கொடுத்தது போக மீதி, என் முன்னால் மேஜையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இன்னும் பத்தொன்பது நாள்தான். ஒரே வீட்டில், பக்கத்து ரூமில் இருக்கும் மகனுக்கு அப்பன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய். இந்த வாரத்தில் மூன்று முறை உன்னிடம் பேச வாயைத் திறந்தேன். மூன்று முறையும் மண்டபத்துக்கு எத்தனை நாற்காலி, பிரியாணி யார் போடுவது என்று எதையோ உளறிவிட்டு எழுந்துவிட்டேன். முன்கோபக்காரன், வாய்த்துடுக்கன் என்று பெயர் வாங்கிய எனக்கு உன்னிடம் பேசத்தான் தைரியம் வரவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஷீலா வீட்டில் நிச்சயதார்த்தம். பாஸ்டர் எல்லாரையும் எழுந்து நின்று கண்ணை மூடச் சொன்னார். எல்லாரும் மூடினார்கள். நான் மூடவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் உன் உடம்பு லேசாக முன்னும் பின்னும் போனது. உடனே உன் வலது கை பின்னால் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. முதல் தடவை தடுமாறுகிறவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறப்பான். நீ திறக்கவில்லை. உன் கை அங்கே போய்ப் பழகியிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நீ ஒரு நரம்பு டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். ஷீலாவுக்கு உண்மை தெரிய வேண்டும். இந்த இரண்டுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். ஏன் என்று சொல்ல, உன் அக்காவைப் பற்றி நான் உன்னிடம் சொன்ன பொய்யிலிருந்து தொடங்க வேண்டும்.

எஸ்தருக்கு அப்போது பதிமூன்று வயது, உனக்குப் பதினொன்று. நாம் முகப்பேர் ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்த புதிது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். லேத்தில் கடைந்து வரும் ஷாஃப்டை உருட்டி, அது கோணாமல் சுற்றுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பேன். முள் ஒரு கோடு கூடுதலாக ஆடினாலும் சிவப்புப் பெயின்டைத் தடவி ஒதுக்கிவிடுவேன். லேத்காரர்கள் எனக்கு 'முள்ளு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். “இன்னா முள்ளு அண்ணாத்தே, இதுவும் ரிஜெக்டா? உன் கண்ணுல கொள்ளிய வைக்க” என்பார்கள். எனக்கு அதில் பெருமை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எனக்கு வேறு வேலை இருந்தது. ஜெப நேரத்தில் பரிசுத்த ஆவி நிரம்பி மல்லாந்து விழுகிறவர்களைப் பின்னால் நின்று தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்கவைக்கிறவன் நான். அதற்குத் தோளில் வலு வேண்டும், கண்ணில் கவனம் வேண்டும். இரண்டும் என்னிடம் இருப்பதாக எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிறு, எல்லாரும் கண்ணை மூடிக் கையை உயர்த்தி நின்றபோது, பெண்கள் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் ஆட ஆரம்பித்தாள். முன்னும் பின்னும் ஆடி அப்படியே பின்னால் சாய்ந்தாள். ஓடிப்போய்த் தாங்கிய பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். எஸ்தர். சுற்றி ஒரே ஸ்தோத்திரமும் அல்லேலூயாவும். ‘இந்த வயசிலேயே அபிஷேகம், பிரதர்! உங்க வீடு ஆசீர்வதிக்கப்பட்ட வீடு’ என்று ஆளாளுக்கு வந்து என் கையைக் குலுக்கினார்கள். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் அவள் கையை விடவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவளை முன்வரிசையில் நிற்க வைத்தேன். வாராவாரம் விழுந்தாள். நான் வாராவாரம் தாங்கினேன்.

வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன், உனக்குச் சிலது ஞாபகம் இருக்கலாம். கரண்ட் போனால் எஸ்தர் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டாள். ‘பயந்தாங்கொள்ளி’ என்று நீ அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பேய் மாதிரிக் கத்துவாய். காலை அகட்டி அகட்டி நடப்பாள், உங்கம்மா அடக்கமா நடடி என்று அதட்டுவாள். ஒரு நாள் காலையில் குழாயடியில் சோப்புப் போட்டு முகம் கழுவும்போது குப்புற விழுந்து தாடை கிழிந்தது. மூன்று தையல். நான் என்ன செய்தேன் தெரியுமா? தரை வழுக்குகிறது என்று சொல்லி பிளீச்சிங் பவுடரைக் கொட்டி அந்த ஞாயிறு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனதும் உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தரையைப் பார்க்கவில்லை. “பொண்ணைப் பாருங்க, தரைய என்னாத்துக்குப் பாக்குறீங்க” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

முதலில் கண்டுபிடித்தவர் பாஸ்டரம்மா. சபையில் இருந்தவர்களை நாளைக்கு யாராவது குறை சொன்னால் நீ இதைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஆராதனை முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பிரதர், தப்பா நெனச்சிக்காதீங்க. நான் நாலு வாரமா பாத்துக்கினே இருக்கேன். பொண்ணு கண்ண மூடினாத்தான் ஆடுது. தொறந்தா நின்னுடுது. பாட்டு நேரத்துல கண்ணத் தொறந்துக்கினு பாடுது, ஒண்ணும் ஆவல. இது வேற மாதிரி கீது. ஒரு டாக்டராண்ட காட்டுங்களேன்” என்றார். நான் அந்த அம்மாவை என்ன கேட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் பெண்ணுக்குக் கிடைக்காத வரம் என் பெண்ணுக்குக் கிடைத்ததில் பொறாமையா என்று கேட்டேன். அவர் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் எஸ்தரை நான் ஒரு டாக்டரிடமும் கூட்டிப்போகவில்லை. ஷாஃப்டில் ஒரு கோடு ஆட்டத்தைக் கண்டுபிடிக்கிறவன், சாமு. பெற்ற பெண் ஆடியதை இரண்டு வருஷம் வேடிக்கை பார்த்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு நான் பிடிக்கத் தாமதமாகி, அவள் ஸ்பீக்கர் பெட்டியின் மூலையில் தலை மோதி விழுந்தாள். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த ஒரு வாலிப டாக்டர். முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார், கால் அசையவில்லை. பிறகு, “இங்க நில்லும்மா. ரெண்டு காலையும் ஒட்டி வை. பயப்படாத, நான் இருக்கேன். இப்ப கண்ண மூடு” என்றார். எஸ்தர் மூடினாள். ஆடினாள், சாய்ந்தாள், அவர் தாங்கினார். நூறு முறை நான் பார்த்த அதே ஆட்டம். அங்கே யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அவர் சீட்டில் ஏதோ எழுதினார்.

எனக்கு விளங்கும்படி சொல்ல அவர் சிரமப்பட்டார், பாவம். நூறு வருஷத்துக்கும் முன்னால் பெர்லினில் ஒரு டாக்டர் இருந்தாராம். முதுகுத்தண்டு கெட்டுப்போன சில நோயாளிகள் வெளிச்சத்தில் எப்படியோ நடந்துவிடுவார்கள், இருட்டில் முடியாது. சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் முகம் கழுவுகிற இடத்திலேயே விழுவார்கள். கால் எங்கே இருக்கிறது என்று தலைக்குச் சேதி சொல்கிற நரம்பு செத்துவிட்டதால், அவர்கள் கண்ணை வைத்துத்தான் நிற்கிறார்கள், கண்ணை மூடினால் விழுகிறார்கள் என்பதை எழுதிவைத்தவர் அவர்தானாம். அவர் பார்த்த நோய் வேறு, எஸ்தருடையது வேறு, ஆனால் சோதனை அதேதான் என்றார். சோப்பு என்ற வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது.

அதற்குப் பிறகு அவர் இரண்டு கேள்வி கேட்டார். ‘சொந்தத்துல கட்டினீங்களா?’ ஆமாம், அத்தை மகள் என்றேன். ‘வேற பிள்ளைங்க?’ ஒரு பையன் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: “இது பரம்பரையா வர்ற நரம்பு நோய். கூடப் பொறந்தவங்களுக்கும் வரலாம். வராமலும் போகலாம். பையனக் கூட்டிட்டு வாங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாத்துக்கணும்.” இதற்கு மருந்து இல்லை என்றும் சொன்னார். அப்படியானால் இரண்டு வருஷம் முன்பே வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதே என்று கேட்டேன், ஒரு ஆறுதலுக்காக. “நோய் நின்னிருக்காது. ஆனா தான் ஏன் விழறோம்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

உன்னை நான் கூட்டிப்போகவில்லை. இதுதான் என் இரண்டாவது குற்றம், முதலாவதைவிடப் பெரியது. அப்போது எனக்குத் தெரியாது என்ற சாக்கு இதற்கு இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் எழும்பூரில் ஒரு லைப்ரரிக்குப் போய் அந்த ஜெர்மன்காரரைத் தேடினேன். அவருடைய பெயர் என் இன்ஸ்பெக்ஷன் நோட்டில் இருக்கிறது, இன்றுவரை என் வாயில் அது சரியாக நுழைந்ததில்லை. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர், அம்மா பிள்ளைகளோடு பெர்லினுக்கு வந்திருக்கிறார். இவர் வருஷக்கணக்கில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஊரில் காலரா பரவிய இரண்டு முறையும் காலரா ஆஸ்பத்திரியிலேயே கிடந்து நோயாளிகளைப் பார்த்தார். நரம்பு நோய் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திப் பெரிய புத்தகம் எழுதினார், அந்த மாதிரி முழுசாக அதற்கு முன்னால் யாரும் எழுதியதில்லையாம். நல்ல மனிதர்தான். ஆனால் கண்ணை மூடினால் விழுகிற அந்த நோயாளிகளுக்கு மீட்சியே இல்லை, வீணாக மருந்து கொடுத்து அவர்களைப் படுத்தாதீர்கள் என்றும் அவர் எழுதியிருந்ததை லைப்ரரிக்காரர் எனக்குப் படித்துச் சொன்னார். எனக்கு அந்த மனிதர் மீது அப்படி ஒரு ஆத்திரம். செத்து நூறு வருஷமான ஆளோடு சண்டை போட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் நோயாளியைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார். நான் பார்க்கவும் இல்லை, தெரிந்த பிறகு சொல்லவும் இல்லை.

எஸ்தர் இருபத்திரண்டு வயதில் போனாள். கடைசியில் இருதயமும் பலவீனமாகிவிட்டது. அதனால் உன்னிடமும் ஊரிடமும் ‘இருதயக் கோளாறு’ என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. நடக்க முடியாமல் போனதற்கு டைபாய்டு காய்ச்சல் காரணம் என்று ஒரு கதை கட்டினேன். உங்கம்மாவையும் வாயைத் திறக்கவிடவில்லை. உனக்குப் பெண் பார்க்கும்போது சொந்தத்தில் வந்த இரண்டு இடத்தையும் நான் முகத்தில் அடித்த மாதிரி மறுத்தது ஏன் என்று தெரியாமல் உன் அத்தை இன்றும் என்னோடு பேசாமல் இருக்கிறாள். ஷீலா வீட்டாரிடமும் இருதயம் என்றே சொன்னேன். அவர்கள் பாவம், ‘ஐயோ, வயசுப் பொண்ணு’ என்று கண் கலங்கினார்கள். எனக்கு அவர்கள் கொடுத்த காபியைக் குடிக்க முடிந்தது.

எஸ்தரை டாக்டரிடம் காட்டிய நாளிலிருந்து இந்தப் பதினோரு வருஷமாக நான் ஜெபத்தில் கண்ணை மூடியதில்லை. வீட்டு ஜெபத்தில் உங்களை எழுந்து நிற்கச் சொல்லி நான் நீட்டி முழக்குவேனே, ‘அப்பா ஆமென் சொல்றதுக்குள்ள குழம்பு ஆறிடும்’ என்று நீ முணுமுணுப்பாயே, அது பக்தி இல்லை, சாமு. கண்ணை மூடி நீ எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷனரிகளுக்காக, மழைக்காக, பக்கத்து வீட்டுக்காரருடைய மூலவியாதிக்காகக்கூட வேண்டிக்கொண்டே உன் கால்களைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நீ நேராக நின்றாய். ஒவ்வொரு நாளும் இன்றைக்குப் போதும், நாளைக்கு டாக்டரிடம் போகலாம் என்று விட்டேன். நீ வேலைக்குப் போக ஆரம்பித்து, லேட்டாக வந்து தனியாகச் சாப்பிடத் தொடங்கியதும் அதுவும் நின்றுபோனது. கடைசியாக உன்னை அப்படிப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும், போன ஞாயிறு வரைக்கும்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. எஸ்தர் போவதற்குச் சில மாதம் முன்னால், பால்கனியில் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து நான் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் பேச்சும் அப்போது குழறும். “அப்பா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே” என்றாள். “சொல்லும்மா” என்றேன். “மொத நாளே எனக்குத் தெரியும்பா. ஆவியெல்லாம் ஒண்ணும் வரல. கண்ண மூடினா கீழ தரையே இல்லாத மாதிரி இருந்துச்சு. அம்மாகிட்டகூடச் சொல்லல.” ஏன்டி என்கிட்ட சொல்லல என்று கேட்டேன். “அன்னிக்கு நீங்க வழியெல்லாம் என் கையப் புடிச்சிக்கினே வந்தீங்க. அதுக்கு முன்னாடி புடிச்சதே இல்ல. சொன்னா விட்டுடுவீங்களோன்னு...” என்றாள். நான் நகத்தை வெட்டி முடித்தேன். பிறகு உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதனால்தான் சொல்கிறேன். நாற்காலியைப் பிடித்த உன் கையை நான் பார்த்துவிட்டேன். என் முகம் வாடக் கூடாது என்று நீ நன்றாக இருப்பது மாதிரி நடிக்காதே. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி அப்படி நடித்தாள். சனிக்கிழமைக்குள் நீ ஷீலாவிடம் சொல்லவில்லை என்றால் நான் போய்ச் சொல்லுவேன். அவள் வேண்டாம் என்றால் இந்தப் பத்திரிகைகளை நானே கிழிப்பேன். நீ என்னை ஆயுளுக்கும் வெறுத்தாலும் சரி.

நேற்று இதுவரை எழுதி வைத்தேன். சனிக்கிழமைவரை பொறுக்க எனக்குத் தெம்பு இல்லை. இன்று மூன்று மணி வாக்கில் ஆவடிக்கு ரயில் ஏறி, ஷீலா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. கையில் நோட்டுப் புத்தகக் கட்டோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் பதறவில்லை. “வாங்க அங்கிள், அப்டி நெழலாண்ட நிப்போம்” என்று மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். ‘எங்க எஸ்தர் விஷயமா ஒண்ணு சொல்லணும்மா’ என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் அங்கிள்” என்றாள்.

“என்னம்மா தெரியும்?”

“அக்காவுக்கு இன்னா வந்துச்சுன்னு தெரியும். உங்க அலமாரியில இருந்த ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் சாமு எடுத்துப் படிச்சிட்டாரு. உங்க நோட்டையும்தான். மூணு மாசம் முன்னாடியே போய்க் காட்டிட்டோம். நானும் கூடப் போனேன்.”

நான் கேட்காமலே அவள் சொன்னாள். அக்காவுக்கு வந்ததுதானாம். உனக்கு மெதுவாக வருகிறதாம். எத்தனை வருஷம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லையாம். ‘பயமா இல்லையாம்மா உனக்கு’ என்று கேட்டேன். “ரொம்ப பயமாத்தான் கீது அங்கிள்” என்றாள். அவள் வீட்டில் சொல்லிவிட்டாளாம், ஒரு வாரம் அழுகையும் சண்டையுமாக இருந்து பிறகு சம்மதித்தார்களாம். ஆக, நிச்சயதார்த்தத்தில் கண்ணை மூடி நின்ற அவள் வீட்டார் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கும் உங்கம்மாவுக்கும்தான் தெரியவில்லை. ஏன் என்னிடம் மட்டும் மறைத்தீர்கள் என்றேன். அவள் நோட்டுக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். “சாமுதான் வேணாம்னாரு. அப்பா பத்திரிகைய எடுத்துக்கினு ஊடு ஊடா அவ்ளோ சந்தோஷமா போறாரு, கல்யாணம் முடியட்டும்னாரு.”

அப்படியானால் ஜெர்மன்காரர் கதை உனக்குப் பழசு. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆனால் எஸ்தர் பால்கனியில் சொன்னது அந்த நோட்டில் இல்லை. அதனால் கிழிக்கவில்லை.

சாமு, நான் சந்தோஷமாக இல்லை. ஒரு நாள்கூட இல்லை. ஒவ்வொரு வீட்டுப் படியிலும் பத்திரிகையை நீட்டிவிட்டு, திரும்பி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். இல்லாத சந்தோஷத்தைக் காப்பாற்ற நீ மூன்று மாதம் எங்களிடம் சொல்லாமல் சுமந்திருக்கிறாய்.

அடுத்து ஆஸ்பத்திரிக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று ஷீலாவிடம் கேட்டேன். அதை உன் வாயால்தான் கேட்டுக்கொள்ள வேண்டுமாம், அவள் சொல்ல மாட்டாளாம். நான் பக்கத்து ரூமில்தான் இருக்கிறேன், கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. வந்து சொல்லு.

அப்பா